மெதுவாகப் போனால் இருட்டு

அப்பாவுக்கு ஓசூரில் இரண்டாம் ஷிப்ட். முடித்துவிட்டுக் கிளம்பினால் குருபரப்பள்ளி வரை நெடுஞ்சாலை. லாரி வெளிச்சத்திலேயே வந்துவிடலாம். வேப்பனப்பள்ளிக்குத் திரும்பிய பிறகுதான் சொந்த விளக்கு வேண்டும். யானை வரும் பக்கம் இது. "எதிர்ல கருப்பா என்னமோ நிக்குதேன்னு வேகத்தக் கொறைச்சா, லைட்டும் கொறைஞ்சிடும்டா" என்பார். உடனே கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை முறுக்குவார். சத்தம் போட்டால்தான் வெளிச்சம்.

போன வருடம் அந்தப் பழைய 100 சிசி வண்டியைத் தூசு தட்டியபோது, இது ஏன் இப்படி என்று தேடிப் பார்த்தேன். பல்பு மட்டும் காரணமில்லை. வண்டிகளின் வரலாறே அதில் இருக்கிறது.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் புல்லட்டை இங்கேயே அசெம்பிள் செய்யத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மைசூரிலிருந்து ஜாவா வந்தது. இரண்டிலும் 6 வோல்ட் மின்சாரம், பக்கத்தில் பேட்டரி. 30 வாட் பல்புக்கு 5 ஆம்பியர் ஓடவேண்டும். துருப்பிடித்த சுவிட்சும் மெலிந்த வயரும் சேர்ந்து 0.6 வோல்ட்டைத் தின்றால், அது மொத்தத்தில் பத்து சதவீதம். இழை பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் போய்விடும். அதே வயரில் 12 வோல்ட் வந்தால் மின்னோட்டம் பாதி, இழப்பும் 0.3 வோல்ட்தான். வெளிச்சத்தில் எட்டு சதவீதம்தான் குறையும்.

1984-ல் நம் ஓசூரிலிருந்தே இண்ட்-சுசூகி வந்தது. அடுத்த வருடம் ஹீரோ ஹோண்டா சிடி100, யமஹா ஆர்எக்ஸ்100. எடை குறைவு, மைலேஜ் அதிகம். அந்தத் தலைமுறையின் பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரியோடு சம்பந்தமே கிடையாது. மேக்னெட் காயிலில் பிறக்கும் ஏசி மின்சாரம் நேராகப் பல்புக்குப் போகும். சின்ன பேட்டரி ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் மட்டும். இதில் ஒரு நியாயமும் இருந்தது. பேட்டரி செத்தாலும் உதைத்தால் வண்டி கிளம்பும், விளக்கும் எரியும். கிராமத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் வெளிச்சமும் மங்கும். எங்கே ஜாக்கிரதையாகப் போகவேண்டுமோ, அங்கேதான் இருட்டு.

நான் முதலில் செய்தது தப்பு. மலிவான எல்ஈடி பல்பு ஒன்றை வாங்கிப் பழைய டூமில் மாட்டினேன். சாலையே பகலானது மாதிரி இருந்தது. மூன்றாம் நாள், எதிரே மொபெட்டில் புல்லுக்கட்டோடு வந்த பெரியவர் கண்கூசி மண்ணில் இறங்கி விழப்போனார். "கண்ணே தெரியல தம்பி" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அந்த டூமின் குழிந்த கண்ணாடி, கடுகளவு இழை ஒன்று சரியான புள்ளியில் எரியும் என்று நம்பிச் செய்தது. ஒளி வேறு இடத்தில் பிறந்தால் சாலைக்குப் போகாது, எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். நான் வெளிச்சத்தைக் கூட்டவில்லை. என் இருட்டை அவருக்குக் கொடுத்திருந்தேன்.

பிறகு எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "பல்ப விடு தம்பி, மொதல்ல கரண்ட்ட சரி பண்ணு" என்றார். காயிலின் ஒரு முனை பாடியில் எர்த் ஆகியிருந்தது. அதைப் பிரித்தெடுத்தார். ஏசியை முழுதாக டிசியாக்கும் ரெக்டிஃபயர்-ரெகுலேட்டர், கொஞ்சம் பெரிய பேட்டரி, ஒரு ரிலே. எச்எஸ்1 ஹாலஜன் பல்புக்கு ஏற்ற புது டூம். அதே 35 வாட்தான், ஆனால் ஹாலஜன் என்பதால் வெளிச்சம் கூடுதல். 60 வாட் பல்பு போடலாமா என்று கேட்டேன். காயில் அவ்வளவு கொடுக்காது, பேட்டரிதான் காலியாகும் என்றார். கடைசியில் வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, டிம் வெளிச்சம் விளக்கின் உயரத்துக்குக் கீழே விழும்படி டூமைச் சாய்த்தார்.

2017 ஏப்ரல் 1 முதல் புது இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே விளக்கு எரியவேண்டும் என்பது விதி. நாம் பார்ப்பதற்கு மட்டுமல்ல, மற்றவர்கள் நம்மைப் பார்ப்பதற்கும்தான் விளக்கு என்பதைச் சட்டம் ஒத்துக்கொண்டது.

அன்றிரவு அப்பாவை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்தேன். குருபரப்பள்ளி தாண்டி ஒரு வளைவில் வண்டியை மெதுவாக்கினார். பழக்கத்தில் கிளட்சைப் பிடித்து முறுக்கினார். வெளிச்சம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

"அப்ப சத்தம் போடவே வேணாம்" என்றார். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மெதுவாகவே வீடுவரை வந்தார்.