வாக்குச் சீட்டும் மின்சாரமும்

மின்சாரம் பற்றிய முடிவுகளைப் பொறியாளர்களே எடுக்கின்றனர் என்று பலர் எண்ணுகின்றனர். அம்முடிவுகளுள் பல வாக்குச் சாவடியிலே பிறந்தவை. 1970-ஆம் ஆண்டிலிருந்து அக்கதையைத் தொடங்கலாம்.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், நான் வாழும் கொடுங்கையூருக்கு வடக்கே, எண்ணூரில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஜூன் 19 அன்று, அந்நாளைய கோவை மாவட்டத்துப் பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர் மூவர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். கமலையை விட்டு மோட்டாருக்கு மாறியவனுக்கு மின்கட்டணம் என்பது கிணற்று நீரின் விலையேயன்றோ? நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் உழவர் சங்கம் வலுப்பெற்றது. கட்சிகள் அவர்களுடைய வாக்கை எண்ணிப் பார்க்கத் தொடங்கின. 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு உழவர்க்கு இலவச மின்சாரம் அளித்தது. 1989-இல் பதவியேற்ற கருணாநிதி அரசு அதனை உழவர் அனைவர்க்கும் விரித்தது.

2003-இல் ஜெயலலிதா அரசு அச்சலுகையை நீக்கிற்று. ஏட்டளவில் அதற்கு நியாயம் உண்டு என்பேன். அளவின்றி ஓடும் மோட்டார் நிலத்தடி நீரை வற்றச் செய்யும். ஆனால் 2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சி அணி தோற்றது. தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும், முடிவு வெளியான சில நாள்களிலேயே இலவச மின்சாரம் மீண்டது!

ஐரோப்பாவிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 2011 மார்ச்சில் ஜப்பானிலே புகுஷிமா அணு உலை விபத்து நேர்ந்தது. அத்திங்களின் இறுதியில் ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத் தேர்தலில், 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி பசுமைக் கட்சியினர் அணியிடம் ஆட்சியை இழந்தது. அவ்வாண்டே மெர்க்கெல் அம்மையாரின் மைய அரசு அணுமின் நிலையங்களைப் படிப்படியாக மூடச் சட்டம் இயற்றிற்று. கடைசி மூன்றும் 2023 ஏப்ரலில் நின்றன.

எண்ணூருக்குத் திரும்புவோம். 450 மெகாவாட் திறனுடைய அந்நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதனை மூடியது தேர்தலன்று, மூப்பு. அருகே அத்திப்பட்டில் 1994 முதல் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பற்குழம்பு, குழாய் வெடிப்புகளின் வழியே கொசத்தலையாற்றுக் கழிமுகத்திற் கலந்தது. இறாலும் நண்டும் பிடித்து வாழ்வோர் பல்லாண்டு முறையிட்டனர். இதற்கிடையே 2016 தேர்தலின் பயனாக, வீடுகளுக்கு இரு திங்களுக்கு 100 யூனிட் இலவசமாயிற்று. எங்கள் தெருவினரும் அக்குப்பத்தினரும் ஒருங்கே பெற்றோம். உழவரோ மாநிலமெங்கும் பரவியவர். அக்குப்பங்களின் வாக்கு முழுவதும் ஒரு சட்டமன்றத் தொகுதியின் மூலைக்குள் அடங்கிவிடும்.