மௌனத்திலிருந்து கிரெடிட்டுக்கு: இந்தியப் பல்கலைக்கழகங்களில் மனப்பயிற்சியின் வரலாறு

1948 நவம்பரில் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் 1949 ஆகஸ்டில் தன் அறிக்கையை அளித்தது. தலைவரின் பெயரால் இராதாகிருஷ்ணன் ஆணையம் என்று அழைக்கப்படும் அக்குழுவின் பரிந்துரைகளில் பயிற்றுமொழி, ஆசிரியர் ஊதியம், ஊரகப் பல்கலைக்கழகம் ஆகியவை பற்றியவை இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. சமயக் கல்வி பற்றிய இயலில் இடம்பெற்ற ஒரு சிறு பரிந்துரையை மட்டும் பலரும் கவனிப்பதில்லை. எல்லாக் கல்வி நிறுவனங்களும் சில நிமிட மௌன தியானத்துடன் நாளின் பணியைத் தொடங்கலாம் என்பதே அது.

சரியாக எழுபது ஆண்டுகள் கழித்து, 2019இல், பல்கலைக்கழக மானியக் குழு 'ஜீவன் கௌசல்' என்னும் வாழ்க்கைத் திறன் பாடத்திட்டத்தை வெளியிட்டது. இளநிலை மாணவருக்கான இப்பாடத்திட்டம் தகவல்தொடர்புத் திறன், தொழில்முறைத் திறன், தலைமைத்துவம், மானுட விழுமியங்கள் என நான்கு பிரிவுகள் கொண்டது. பிரிவுக்கு இரண்டாக எட்டு கிரெடிட். மேலோட்டமாகப் பார்த்தால் 1949இன் மௌனத்துக்கும் 2019இன் எட்டு கிரெடிட்டுக்கும் இடையே நேர்கோடு ஒன்றை வரைந்துவிடலாம். அரசு ஆவணங்களின் முன்னுரைகள் அப்படித்தான் வரைகின்றன. ஆனால் இவ்விரண்டும் ஒரே மரபின் தொடக்கமும் வளர்ச்சியும் அல்ல. இடையில் மனப்பயிற்சி என்பதன் பொருள் மாறியது. யார் பயிற்சி பெற வேண்டும் என்பதும் மாறியது.

1949இன் பரிந்துரை ஓர் அரசியல் சிக்கலுக்குத் தீர்வாகப் பிறந்தது. பிரிவினையின் இரத்தம் காயாத காலம் அது. முழுமையாக அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனங்களில் சமயப் போதனை கூடாது என்ற விதி அரசியலமைப்பில் 28ஆம் உறுப்பாக உருப்பெற்றுக்கொண்டிருந்தது. சமயத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரவும் முடியாது, அறவாழ்வு பற்றிய பேச்சே இல்லாத பல்கலைக்கழகத்தை ஏற்கவும் ஆணையத்துக்கு மனமில்லை. மௌனம் எந்தச் சமயத்துக்கும் தனியுடைமை அன்று என்பதால் அது இடைவழியாக அமைந்தது. முதலாண்டில் புத்தர், கன்பூசியஸ், சாக்ரடீஸ், இயேசு, முகம்மது, இராமானுஜர், கபீர், நானக் போன்றோரின் வாழ்க்கை வரலாறு, இரண்டாமாண்டில் சமய நூல்களின் பொதுநோக்குள்ள பகுதிகள், மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் மையச் சிக்கல்கள் என்ற பாடவரிசையையும் ஆணையம் உடன்வைத்தது. கண்ணை மூடிய சில நிமிடங்களுக்குப் பிறகு மாணவர் வாசிக்கவும் வாதிடவும் வேண்டும்.

அப்பரிந்துரையின் இலக்கணத்தில் ஒன்று கவனத்துக்குரியது. அதன் எழுவாய் மாணவர் அல்லர், நிறுவனம். பேராசிரியரும் அலுவலரும் மாணவரும் ஒருசேர அமர்வதையே அது உள்ளடக்குகிறது. ஆணைய உறுப்பினருள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் ஜாகிர் உசேனும் இருந்தனர். இயற்பியலாளர் மேகநாத் சாகாவும் இருந்தார். மாணவப் பருவத்தில் கல்கத்தாவின் ஈடன் இந்து விடுதியில் சாதியின் பேரால் உணவுக்கூடத்தில் ஒதுக்கப்பட்டவர் சாகா. உள்ளத்தின் அமைதி, உணவுக்கூடத்தின் அமைப்பு ஆகிய இரண்டும் ஒரே வளாகத்தின் விவகாரங்கள் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. இவ்விரண்டும் பின்னர் பிரிந்துபோன கதைதான் கீழே வருவது.

1959இல் அமைக்கப்பட்ட ஸ்ரீபிரகாசா குழு மௌன தியானத்தை மீண்டும் பரிந்துரைத்தது. பல்கலைக்கழகங்களில் அது பரவலான வழக்கமாகவில்லை. அறிக்கைகள் அலமாரியில் உறங்கிய அதே ஆண்டுகளில் மனப்பயிற்சியின் வரலாறு பர்மாவில் வேறு பாதையில் நகர்ந்துகொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பர்மா முழுவதும் பிரித்தானிய ஆட்சியின்கீழ் வந்தபோது, பௌத்தம் அழிந்துவிடுமோ என்ற அச்சத்தில் லேடி சயாடோ போன்ற துறவிகள் தியானத்தை இல்லறத்தாருக்கும் கற்பிக்கத் தொடங்கினர். அம்மரபில் வந்த ஊ பா கின் ஒரு துறவி அல்லர். விடுதலை பெற்ற பர்மாவின் தலைமைக் கணக்காயர். ரங்கூனில் தம் அலுவலகப் பணியாளருக்கே அவர் தியானம் கற்பித்தார். இன்றைய பெருநிறுவனங்களின் 'அலுவலகத் தியான' விளம்பரங்களுக்கு ஒரு முன்னோடி வேண்டுமென்றால் அது கலிபோர்னியாவில் இல்லை, ரங்கூனின் கணக்குப் பேரேடுகளுக்கு நடுவே இருக்கிறது.

மாந்தளையில் பிறந்த இந்திய வம்சாவளி வணிகர் ச. நா. கோயங்கா கடும் ஒற்றைத் தலைவலிக்குத் தீர்வு தேடி 1955இல் ஊ பா கினிடம் சென்றார். தலைவலிக்காக வந்தேன் என்றதும் ஆசிரியர் கற்பிக்க மறுத்துவிட்டார் என்று கோயங்கா பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். தம்மத்தை உடல்நோய்க்கான மருந்தாகக் குறுக்கலாகாது என்பது ஆசிரியரின் நிலைப்பாடு. 1969இல் இந்தியா வந்த கோயங்கா அவ்வாண்டு ஜூலையில் பம்பாயில் முதல் பத்து நாள் முகாமை நடத்தினார். 1976இல் இகத்புரியில் மையம் அமைந்தது. கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை, மதிப்பெண் இல்லை. விரும்பி வருவோர் முகாமின் பெரும்பகுதி வாய் பேசாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று.

1970–71 குளிர்காலத்தில் போத்கயாவில் அவர் நடத்திய முகாம்களில் அமர்ந்த அமெரிக்க இளைஞருள் ஜோசப் கோல்ட்ஸ்டீன், ஷாரன் சால்ஸ்பெர்க் ஆகியோரும் இருந்தனர். அவர்கள் நாடு திரும்பித் தோழர்களுடன் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாரே என்னும் ஊரில் ஒரு தியான மையத்தை நிறுவினர். மூலக்கூற்று உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜான் கபாட்-ஜின், 1979இல் அம்மையத்தில் தங்கியிருந்தபோதுதான் இப்பயிற்சியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் தமக்குத் தோன்றியதாக எழுதியுள்ளார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தில் பயிற்சி தொடங்கியது. பௌத்தச் சொற்கள் வேண்டுமென்றே விலக்கப்பட்டன. மன அழுத்தக் குறைப்பு என்பது அதன் பெயரிலேயே இடம்பெற்றது. ஊ பா கின் எந்தக் காரணத்துக்காகக் கற்பிக்க மறுத்தாரோ அதுவே இப்போது பயிற்சியின் நோக்கமாயிற்று. இதைச் சிதைவு என்று எளிதாகத் தள்ளிவிட இயலாது. தீராத வலியோடு வாழ்ந்த நோயாளிகளுக்கு அது பயன்பட்டது.

'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற சொல்லுக்கும் ஒரு காலனிய வரலாறு உண்டு. இலங்கையில் பிரித்தானியக் குடிமைப் பணியில் இருந்தபோது பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளியான தம் பௌத்த சுத்தங்களின் மொழிபெயர்ப்பில் 'சதி' என்னும் பாலிச் சொல்லுக்கு அதை நிலைநிறுத்தினார். சதி என்பது சமஸ்கிருத 'ஸ்மிருதி'. அதன் வேர்ப்பொருள் நினைவு. எதை மறக்கலாகாது என்பதை மறவாதிருத்தல் அது. தமிழ் இணையப் பக்கங்கள் சில இச்சொல்லை 'நினைவாற்றல்' என்று மொழிபெயர்த்து நகைப்புக்கு ஆளாவதுண்டு. பிழைதான், ஆயினும் 'இந்தக் கணத்தில் இருத்தல்' என்ற இன்றைய விளக்கத்தைவிட அப்பிழை மூலப்பொருளுக்குச் சற்றே நெருக்கமானது.

திறன் என்ற சொல்லின் வரலாறு இன்னும் வியப்பூட்டும். மென்திறன் என்ற வகைப்பாடு அமெரிக்க இராணுவத்தின் பயிற்சிப் பிரிவில் உருவானது. இயந்திரத்தைக் கையாளும் திறன்களுக்கு மாறாக மனிதரையும் தாள்களையும் கையாளும் திறன்களை எவ்வாறு கற்பிப்பது என்பது அவர்களின் கேள்வி. 1972இல் டெக்சாஸில் இதற்கென மாநாடே நடந்தது. வாழ்க்கைத் திறன் என்பதோ பொதுச் சுகாதாரத்திலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பள்ளிப் பருவத்தினருக்காகத் தன்னறிவு, பிறர்நிலை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், அழுத்தத்தை எதிர்கொள்ளுதல் உள்ளிட்ட பத்துத் திறன்களைப் பட்டியலிட்டது.

இவை இந்தியக் கல்லூரிகளுக்குள் நுழைய வேலைச்சந்தை கதவு திறந்தது. தொழில்நுட்பப் பட்டதாரிகளில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினரே பன்னாட்டுச் சேவைத் துறையின் பணிக்கு ஏற்றவர்கள் என்று 2005இல் நாஸ்காம்–மெக்கின்சி அறிக்கை கூறியது. அந்த ஒற்றை எண் இரண்டு பத்தாண்டுகளாகக் கல்விக்கொள்கையின் மேடைகளில் திரும்பத்திரும்ப ஒலித்தது. மென்திறன் பயிற்சி ஒரு தொழிலாகவே வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' வரை அதன் நீட்சியைக் காணலாம்.

இன்னொரு கிளை அமர்கண்டகத்தில் வாழ்ந்த அ. நாகராஜின் 'ஜீவன் வித்யா' சிந்தனையிலிருந்து புறப்பட்டது. அதன் தாக்கத்தில் ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மானுட விழுமியப் பாடம் வடிவம் பெற்று, உத்தரப்பிரதேசத்தின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டாயப் பாடமானது. பின்னர் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2018ஆம் ஆண்டு மாதிரிப் பாடத்திட்டத்திலும், முதலாண்டு மாணவருக்கான மூன்று வார அறிமுக நிகழ்விலும் இடம்பெற்றது. மானியக் குழு 2019இல் தன் அறிமுக நிகழ்வுக்குத் 'தீட்சாரம்ப்' என்று பெயரிட்டது. தில்லிப் பல்கலைக்கழகம் 2022இல் அறிமுகப்படுத்திய இரண்டு கிரெடிட் பாடங்களில் 'மகிழ்ந்திருக்கும் கலை' ஒன்று.

இவ்வாறு பர்மியத் தியானம், அமெரிக்க மருத்துவமனை, இராணுவப் பயிற்சி, பொதுச் சுகாதாரம், வேலைச்சந்தை, அமர்கண்டகத்துத் தத்துவம் அனைத்தும் ஒரே பருவத்தேர்வு அட்டவணைக்குள் வந்து சேர்ந்தன. ஜீவன் கௌசல் பாடத்திட்டத்தில் தன்விவரக் குறிப்பு எழுதுதலும் துறவும் ஒருங்கே நிற்பதற்கு இதுவே காரணம். துறவுக்கு எத்தனை மதிப்பெண் வினா கேட்பது என்பது தேர்வாணையருக்கே வெளிச்சம்.

நிறுவனம் என்ற எழுவாய் எங்கே மறைந்தது என்பதை இந்த அட்டவணை காட்டுகிறது. திறன் என்பது ஒரு தனிமனிதரிடம் இருப்பது அல்லது இல்லாதது. அழுத்தத்தை எதிர்கொள்ளும் திறன் பாடமான பிறகு, அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி பாடத்துக்கு வெளியே போய்விடுகிறது. அக்கேள்வியை வேறு ஆவணங்கள் கேட்டன. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் தலித், பழங்குடி மாணவர் மீதான பாகுபாட்டை ஆராய்ந்த தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கை, விடுதியில் அவர்கள் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்க நேர்ந்ததைப் பதிவு செய்தது. சாகாவின் உணவுக்கூடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது. 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோகித் வேமுலாவும், 2019 மே மாதத்தில் மும்பையில் பாயல் தட்வியும் இறந்தனர். ஜீவன் கௌசல் வெளியான ஆண்டும் அதுவே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தற்கொலையால் இறந்த மாணவர் 13,044 பேர்.

பௌத்தம் இந்தியக் கல்லூரிக்குள் வந்த மற்றொரு பாதையும் உண்டு. மனப்பயிற்சி நூல்கள் அதைக் குறிப்பிடுவதில்லை. அம்பேத்கர் 1945இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் பம்பாயில் தொடங்கிய கல்லூரிக்குச் சித்தார்த்தர் பெயரையும், ஔரங்காபாத்தில் தொடங்கிய கல்லூரிக்கு மிலிந்தர் பெயரையும் பெற்றது. மிலிந்தர், நாகசேனரிடம் கேள்வி கேட்டதற்காகவே நினைக்கப்படும் மன்னர். 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் சம்மா சதியை விலக்கவில்லை. தீய உணர்ச்சிகள் மீது மனம் வைக்கும் காவலாக அதை விளக்கினார். ஆனால் துன்பத்தின் காரணம் துன்புறுவோரின் உள்ளத்தில் மட்டும் இருப்பதாக அவர் ஏற்கவில்லை. மனிதர் மனிதருக்கு இழைப்பதும் துக்கமே.

ஆய்வுத் தரவுகளும் இங்கே ஒரு வேறுபாட்டைக் காட்டுகின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவரிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி பெற்றோர் தேர்வுக் காலத்தில் குறைந்த மனத்துயரையே உணர்ந்தனர். பிரிட்டனில் 11 முதல் 14 வயது வரையிலான 8,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவரிடம் நடந்து 2022இல் வெளியான மிரியாட் சோதனையிலோ, வழக்கமான கல்வியைவிட இப்பயிற்சி மேம்பட்டதாக இல்லை. வயது, பயிற்றுநர், கால அளவு எனப் பல வேறுபாடுகள் உண்டு. கேம்பிரிட்ஜ் மாணவர் தாமே முன்வந்தவர்கள் என்பதும், பள்ளி மாணவருக்கு அது கால அட்டவணையில் வந்த ஒரு பாடவேளை என்பதும் அவற்றுள் சிறியவை அல்ல. இகத்புரியில் கதவு திறந்தே இருந்தது. கிரெடிட்டுக்கு வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும்.

2025 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம், உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் மனநலத்தை ஆராய, முன்னாள் நீதிபதி இரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அவ்வாண்டு ஜூலை 25இல் மற்றொரு வழக்கில் சில கட்டாய வழிகாட்டு நெறிகளையும் வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதிபெற்ற உளவள ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும். மாணவரைப் பொதுவெளியில் அவமதித்தல் தவிர்க்கப்பட வேண்டும். ஆண்டுக்கு இருமுறையேனும் மனநலப் பயிற்சி பெற வேண்டியவர்களாக அந்நெறிகள் குறிப்பிடுவோர் ஆசிரியர்களும் ஆசிரியரல்லாத பணியாளர்களும் ஆவர்.