கொட்டியாரக் கரையில் மனையும் மரமும்

ஈழத்தின் கீழ்க்கரையிலே, மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக்குடாவின் தென்பால், மூதூருக்கும் சம்பூருக்கும் இடையில் அமைந்துள்ள ஊர் கட்டைபறிச்சான். கடலும் களப்பும் வயலும் காடும் ஒன்றையொன்று அடுத்து நிற்கும் இத்தகைய நிலத்தில் மக்கள் மனை கட்டி வாழ்ந்த வரலாற்றை ஆராய்தல், சூழல்சார் சுற்றுலா பற்றியும் இயற்கையோடு இயைந்த கட்டடங்கள் பற்றியும் பலர் பேசும் இந்நாளில் பயனுடையதாகும்.

கொட்டியாரத்துக்கு வந்த அயலாருள் பெயர்பெற்றவர் றொபேட் நொக்ஸ். புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்றில் இக்குடாவை அடைந்த அவர், 1660ஆம் ஆண்டில், கப்பல் தலைவராகிய தம் தந்தையோடு கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பட்டார். 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார். கண்டிநாட்டுக் குடிகளின் வீடுகள் கம்புகளை நிறுத்திக் களிமண் பூசிக் கூரை வேய்ந்த சிறுமனைகள் என்றும், மாடி எடுத்தலும் ஓடு வேய்தலும் சுண்ணம் தீற்றலும் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டிருந்தன என்றும் அந்நூல் கூறும்.

இச்செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. மண்சுவரும் கிடுகுக் கூரையும் வெப்பத்தைத் தணிப்பன; அழிந்தபோது மண்ணோடு மண்ணாவன. எனினும், அவ்வெளிமையின் ஒரு பகுதி அரசாணையால் வந்தது. கிடுகு அடிக்கடி மாற்றப்படவேண்டியது, எளிதில் தீப்பற்றுவது. ஆகவே, குடிசையின் அழகை வியக்கும் பிரயாணி, அதனுள் வாழ்பவன் அதனை விரும்பி ஏற்றானா, வேறு வழியின்றி ஏற்றானா எனவும் வினவுதல் வேண்டும்.

மரத்தின் கதையும் இவ்வாறே. சவண்டலை மரம் திருகோணமலை மரம் என்னும் பெயராற் பிறநாட்டில் அறியப்பட்டது. சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகள் அம்மரத்தாற் கட்டப்பட்டன. குடியானவன் தன் வீட்டுக்கு வெட்டும் மரத்துக்கு அவன் தேவையே எல்லை வகுக்கும். சந்தைக்கு வெட்டும் மரத்துக்கோ சட்டமே எல்லை வகுத்தல் வேண்டும்.

அண்மைக்காலச் சான்றொன்று தம்புள்ளைக்கு அருகே உண்டு. கண்டலமக் குளக்கரையில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த விடுதி 1994இல் திறக்கப்பட்டது. பாறையைத் தகர்க்காது தூண்களின்மேல் எழுந்து, கூரையிலும் முகப்பிலும் செடிகொடிகளைத் தாங்கி நிற்கும் அக்கட்டடம் உலகப் புகழ் பெற்றது. ஆயினும், அது கட்டப்படுமுன் அயலிலுள்ளோரும் பிக்குமாரும் கடுமையாக எதிர்த்தனர். தம் குளத்துநீர் மாசுறும் என்பது அவர்தம் அச்சங்களுள் ஒன்று. சிறந்த சிற்பியின் திறனும் ஊரவரின் இசைவுக்கு ஈடாகாது என்பது இதனாற் புலனாகும்.

கட்டைபறிச்சானுக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். 2006ஆம் ஆண்டுப் போரினாற் சம்பூர்ப் பகுதியினின்று இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, கட்டைபறிச்சான், பட்டித்திடல், கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் நெடுங்காலம் வாழ்ந்தன. 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே அவர்களுட் பலருக்குக் காணி மீண்டது. பிறர் அளித்த கொட்டிலில் ஆண்டுகளைக் கழித்தவரிடம் எளிய குடிலின் பெருமையைப் போதித்தல் அறமாகாது.

ஆதலின், இக்கரையில் விருந்தினருக்கென மனைகள் எழுமாயின், சில நெறிகள் பேணப்படல் வேண்டும். கரைகாக்கும் கண்டற்காடு அழிக்கப்படலாகாது. மாரிவெள்ளம் வடியும் வாய்க்கால் மூடப்படலாகாது. மரம் வெட்டுவோர் மரம் நடுதல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, நிலமும் வருவாயும் பற்றிய முடிவில் ஊரவருக்கே முதலிடம் உரியது. வீடின்றித் தவித்தவர் தமக்கு வேண்டிய வீட்டைத் தாமே தெரிந்து கட்டும் உரிமை பெற்ற பின்னரே, இயற்கையோடு இயைந்த வாழ்வு என்னும் சொல் இம்மண்ணிற் பொருளுடையதாகும்.