கூடுதல் நேர உழைப்பும் குறையும் உதவித்தொகையும்: பிரிட்டனின் இரு நூற்றாண்டுக் கணக்கு

பிரிட்டனில் யூனிவர்சல் கிரெடிட் என்னும் அரசு உதவித்தொகை பெறும் ஒரு கடை ஊழியர், வாரத்துக்குப் பத்து மணி நேரம் கூடுதலாக உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். பத்து மணிக்கு 122.10 பவுண்ட். அவருடைய ஆண்டுச் சம்பளம் 12,570 பவுண்டைத் தாண்டிவிட்டிருந்தால், வருமான வரி 20 சதவீதம், தேசியக் காப்பீடு 8 சதவீதம் போக 87.91 பவுண்ட் நிற்கும். அதில் 55 சதவீதத்துக்குச் சமமான தொகை உதவியில் குறைந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது 39.56 பவுண்ட். மணிக்கு நான்கு பவுண்ட்கூட இல்லை. பேருந்துச் செலவையும் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குத் தரும் பணத்தையும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் பழையது. 1795 மே மாதம் பெர்க்‌ஷயர் நீதிபதிகள் ஸ்பீனம்லாண்டிலுள்ள பெலிக்கன் விடுதியில் கூடி, ரொட்டி விலையையும் குடும்பத்தினரின் எண்ணிக்கையையும் வைத்து ஏழைத் தொழிலாளியின் வருமானத்துக்கு வரம்பு வகுத்தார்கள். கூலி அதற்குக் குறைந்தால் மீதியை ஊர் வரியிலிருந்து கொடுப்பது ஏற்பாடு. கூலி உயர்ந்தால் உதவி அதே அளவு குறையும். கூடுதல் உழைப்பால் வீட்டுக்கு லாபமில்லை. பசியைத் தணிக்க வந்த திட்டத்தைச் சோம்பலின் ஊற்று என்று பழித்தவர்கள், 1834 சட்டத்தின் மூலம் ஏழைகளை வேலைவிடுதிகளுக்குத் தள்ளினார்கள். கணக்கிலிருந்த குறைக்கு மனிதர்களைத் தண்டித்த கொடுமை அது.

1971இல் பிரதமர் ஹீத்தின் அரசு, குறைந்த சம்பளக் குடும்பங்களுக்கு வருமானத் துணைத்தொகை கொண்டுவந்தது. வகுத்த வரம்புக்கும் வருமானத்துக்கும் உள்ள இடைவெளியில் பாதியை அரசு தரும். ஒரு பவுண்ட் கூடுதலாக வந்தால் உதவியில் அரை பவுண்ட் போகும். வரியும் காப்பீட்டுச் சந்தாவும் தனி. வாடகைச் சலுகையும் சுருங்கும். சம்பளம் ஏறியும் சில குடும்பங்கள் முன்பைவிட ஏழையாயின. அதே ஆண்டில் வறுமை ஒழிப்புச் செயல்பாட்டாளர் ஃபிராங்க் ஃபீல்டும் ஆய்வாளர் டேவிட் பியாஷோவும் இதற்கு ‘வறுமைப் பொறி’ என்று பெயரிட்டு எழுதினார்கள்.

1988 சீர்திருத்தம், வரி போக மிஞ்சும் வருமானத்தை வைத்து உதவியைக் கணக்கிட்டதால், இழப்பு நூறு சதவீதத்தைத் தாண்டுவது பெரிதும் நின்றது. ஆனாலும் சுமை இறங்கவில்லை. 2011இல் வரி, காப்பீடு, வரிச்சலுகை உதவிக் கழிவு (வருமானம் கூடும்போது உதவியில் குறையும் பங்கு) மூன்றும் சேர்ந்து பவுண்டுக்கு 73 பென்ஸ் எடுத்தன. வாடகை உதவியும் உள்ளூர் வரிச் சலுகையும் பெற்றவர்களுக்கு மிஞ்சியது நான்கு பென்ஸ்தான்.

பல உதவிகளை ஒன்றாக்கி 2013இல் தொடங்கியது யூனிவர்சல் கிரெடிட். உழைத்தால் பலன் உண்டு என்பதே அதன் வாக்குறுதி. நான்கு பென்ஸ் பெற்றவர்களுக்கு அது உண்மையான முன்னேற்றம். வாடகை உதவி வாங்காத பலருக்கோ, 65 சதவீதக் கழிவால் இழப்பு 73 பென்ஸிலிருந்து 76 ஆனது. கழிவு 2017இல் 63 ஆகவும், 2021 இறுதியில் 55 ஆகவும் இறங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டிய வாரம் 20 பவுண்டை அரசு பறித்த சில வாரங்களில்தான் இந்தக் கடைசிக் குறைப்பு வந்தது.

இந்தக் கழிவைவிடக் கடுமையானது பராமரிப்பாளர் உதவித்தொகையின் விதி. கடும் நோயோ இயலாமையோ உள்ள ஒருவரை வாரம் 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்பவர்களுக்கு 2025–26இல் கிடைத்தது வாரம் 83.30 பவுண்ட். பிடித்தம் போக அவர்களுடைய சம்பளம் அந்த ஆண்டின் வரம்பான வாரம் 196 பவுண்டை ஒரு பென்னி தாண்டினாலும் முழுத் தொகையும் போய்விடும். தெரியாமல் வரம்பு கடந்த பலர், ஆண்டுகள் கழித்து ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்ட நேர்ந்தது. இந்த வரம்பை நீக்கிப் படிப்படியாகக் குறையும் முறையை பிரிட்டன் நாடாளுமன்றம் உடனே கொண்டுவர வேண்டும்.