சிட்டிசன்ஸ் யுனைட்டட் வழக்கு

சிட்டிசன்ஸ் யுனைட்டட் எதிர் கூட்டரசுத் தேர்தல் ஆணையம் என்பது ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010 சனவரி 21 அன்று தீர்ப்பளித்த வழக்காகும். நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரைச் சாராமல் தனித்துச் செய்யும் தேர்தல் செலவை அரசு தடுக்க இயலாது என இத்தீர்ப்பு கூறியது. அந்நாட்டில் அரசியல் கட்சிகளுக்கு வெளியே உள்ள குழுக்களின் கை ஓங்கியதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

பின்னணி

சிட்டிசன்ஸ் யுனைட்டட் 1988 இல் தொடங்கப்பட்ட, பழமைவாதச் சார்புடைய இலாப நோக்கற்ற அமைப்பு ஆகும். 2008 முதனிலைத் தேர்தல்களின்போது, இலரி கிளின்டனைக் கடுமையாக விமர்சிக்கும் திரைப்படம் ஒன்றைத் தொலைக்காட்சி வழியே வழங்க அது விரும்பியது. மெக்கெயின்-பைன்கோல்ட் சட்டம் (2002) இதற்குக் குறுக்கே நின்றது. முதனிலைத் தேர்தலுக்கு முந்தைய 30 நாட்களிலும் பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களிலும் வேட்பாளரைக் குறிப்பிடும் ஒளிபரப்புகளுக்கு நிறுவனங்கள் தம் பொதுநிதியைச் செலவிடுவதை அச்சட்டம் தடை செய்திருந்தது. கட்சிகள் வரம்பின்றி நிதி திரட்டுவதையும் அதுவே நிறுத்தியது.

விசாரணையும் தீர்ப்பும்

2009 மார்ச்சில் நடந்த விசாரணையில், இதே தடையை ஒரு நூலுக்கும் விதிக்கலாமா என நீதிபதிகள் வினவினர். வாக்களிக்கக் கோரும் நூலை நிறுவனம் தன் பொதுநிதியில் வெளியிட்டால் அதையும் தடுக்க இயலும் என்ற பொருள்பட அரசு வழக்கறிஞர் விடையளித்தார். ஒரு படத்தைப் பற்றிய சிறு வழக்காக முடிந்திருக்கக்கூடியது இதன்பின் பெரிதாயிற்று. முந்தைய தீர்ப்புகளையே நீக்கலாமா என்பது குறித்து வாதிடுமாறு நீதிமன்றம் பணித்தது. செப்டம்பரில் மறுவிசாரணை நடந்தது.

தீர்ப்பு 5-4 என அமைந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அந்தோணி கென்னடி, தனித்த செலவு ஊழலுக்கு வழிவகுப்பதில்லை என்றும், அதைத் தடுப்பது அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் காக்கும் பேச்சுரிமைக்கு முரணானது என்றும் கூறினார். 1990 ஆம் ஆண்டின் ஆஸ்டின் வழக்குத் தீர்ப்பு நீக்கப்பட்டது. நீதிபதி யோன் பால் இசுட்டீவன்சு நீண்ட மறுப்புரை எழுதினார்.

நிறுவனங்கள் வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் வழங்க இத்தீர்ப்பு அனுமதித்ததாகப் பலர் கருதுவதுண்டு. அது சரியன்று, 1907 முதல் உள்ள அத்தடையை இத்தீர்ப்பு நீக்கவில்லை. செலவு விவரங்களை வெளியிடும் கடமையை எட்டு நீதிபதிகள் ஏற்றனர்.

விளைவுகள்

தனித்த செலவு ஊழலாகாது எனில், அதை மட்டுமே செய்யும் குழுவுக்கு வழங்கும் நன்கொடைக்கும் வரம்பு கூடாது என வாசிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 'சூப்பர் பேக்' எனப்படும் குழுக்கள் இவ்வாறே தோன்றின. கட்சிகளுக்கான நன்கொடை வரம்பு நீடித்ததால், பெரும் பணம் இக்குழுக்களை நாடியது. இவை வேட்பாளருடன் கலந்து செயற்படலாகாது. எனினும் 2012 தேர்தலில் ஒபாமா, மிட் ராம்னி ஆகிய இருவரையும் ஆதரித்த முக்கியக் குழுக்களை அவர்களின் முன்னாள் உதவியாளர்களே நிறுவியிருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

மொன்டானா மாநிலத்தில், செப்புச் சுரங்க முதலாளிகளின் செல்வாக்கைக் கட்டுப்படுத்த 1912 இல் இயற்றப்பட்ட தேர்தல் செலவுச் சட்டத்தை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2011 இல் நிலைநிறுத்தியது. ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012 சூனில், வாய்மொழி வாதம் கேளாமலேயே அம்முடிவை மாற்றியது.