உடல் பிடிக்கும் கலையும் இப்னு ஸீனாவும்

சுளுக்கு விழுந்தால் உருவிவிடுபவரைத் தேடி ஓடுகிறோம். சுளுக்கு நீங்கியதும் அவரை மறந்துவிடுகிறோம். உடல் பிடித்துவிடுவது தாழ்ந்த தொழில் என்னும் எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆயினும் அந்தக் கைக்குப் பின்னால் ஒரு கல்வி உண்டு. அக்கல்விக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் இஸ்லாமிய உலகின் மருத்துவ மேதைகளுக்குத் தனியிடமும் உண்டு.

பண்டைய கிரேக்கத்தில் இளைஞருக்கு உடற்பயிற்சி அளித்த ஆசானைப் 'பைதோத்ரிபேஸ்' என்று அழைத்தனர். 'சிறுவரைத் தேய்ப்பவர்' என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். பயிற்சியையும் தேய்த்தலையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு அப்பெயரே சான்று.

அந்தப் பழக்கத்தைச் சாத்திரமாக வகுத்தவர், அரபு நூல்கள் ஜாலீனூஸ் என்று போற்றும் கேலன். இன்றைய துருக்கியிலுள்ள பெர்கமம் நகரில் கி.பி. 129-இல் பிறந்த அவர், 157-இல் அந்நகரின் வாட்போர் வீரர்களுக்கு மருத்துவராக அமர்ந்தார். தேய்த்தலின் அழுத்தத்தில் வன்மை, மென்மை, நடுத்தரம் என மூன்றும், அளவில் மிகுதி, குறைவு, நடுத்தரம் என மூன்றும் கண்டு, இவற்றைச் சேர்த்து ஒன்பது வகையாக்கினார். பயிற்சிக்கு முன் செய்வது வேறு, பின் செய்வது வேறு என்றும் பிரித்துக் காட்டினார்.

9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய மாணவர்களும் ஜாலீனூஸின் நூல்களை அரபியில் பெயர்த்தனர். அந்த அறிவுச் செல்வத்தைப் பெற்று வளர்த்தவர்களுள் தலையாயவர் இப்னு ஸீனா (980-1037). அவருடைய 'அல்கானூன் ஃபித் திப்' என்னும் பெருநூலின் முதற் பாகத்தில், நலமாயிருப்பவர் நலம் காக்கும் முறைகள் பேசப்படுகின்றன. அங்கே மற்போர், ஓட்டம், வில்வித்தை, குதிரையேற்றம் முதலிய பயிற்சிகளைக் கூறிய கையோடு அவர் எடுத்துக்கொள்ளும் பொருள் 'தல்க்', அதாவது தேய்த்தல். ஹம்மாம் எனும் நீராடுமிடங்களில் உடல் தேய்ப்பவருக்குத் 'தல்லாக்' என்று பெயர் வந்ததும் இவ்வேர்ச்சொல்லிலிருந்துதான்.

வன்மையாகத் தேய்த்தால் உடல் இறுகும். மென்மையாகத் தேய்த்தால் தளரும். மிகுதியாகத் தேய்த்தால் மெலியும். நடுத்தரமாகத் தேய்த்தால் வளரும் என்பது கானூனின் விதி. முரட்டுத் துணியால் தேய்த்தால் இரத்தம் தோலின்பால் ஈர்க்கப்படும் என்றும் அது கூறுகிறது. பயிற்சிக்கு முன் செய்வது 'ஆயத்தத் தேய்ப்பு'. மென்மையாகத் தொடங்கி, பயிற்சி நெருங்க நெருங்க வலுப்பெற வேண்டும். பின் செய்வது 'மீட்புத் தேய்ப்பு'. எண்ணெயிட்டு, இதமாகச் செய்ய வேண்டும். பயிற்சியால் வெளியேறாமல் தசைகளில் தங்கிய கழிவுகளைக் கரைத்துக் களைப்பை நீக்குவதே அதன் நோக்கம். களைப்பையும் அவர் ஒன்றாகக் கருதவில்லை. புண்பட்டது போன்றது, இழுத்துப் பிடிப்பது போன்றது, வீக்கம் கண்டது போன்றது என வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற முறையை வகுத்தார்.

12-ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனா ஜெரார்டு கானூனை லத்தீனில் பெயர்த்தார். பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அது பாடநூலாயிற்று. பிற்காலத்தில், உடற்பயிற்சி ஆசிரியராயிருந்து மருத்துவரான டச்சுக்காரர் யோஹான் மெட்ஸ்கர், சுளுக்கிய கணுக்காலைத் தேய்த்துக் குணமாக்குவது பற்றியே 1868-இல் தம் ஆய்வேட்டை எழுதினார். லண்டனில் 'மசாஜ்' என்ற பெயர் அவப்பெயருக்கு ஆளான வேளையில், 1894-இல் நான்கு பெண்கள் ஒரு சங்கம் கண்டு, தேர்வு வைத்துச் சான்றிதழ் அளித்துத் தொழிலின் மானம் காத்தனர். 1920-இல் அரச சாசனம் பெற்ற அச்சங்கமே பின்னர் பிரிட்டனின் இயன்முறை மருத்துவர் சங்கமாக மலர்ந்தது. கல்விதான் அத்தொழிலுக்குக் கண்ணியத்தை மீட்டுத் தந்தது.

முன்னோர் சொன்ன அனைத்தும் அப்படியே நிலைத்துவிட்டனவா? இல்லை. தசையில் தங்கும் கழிவு என்ற பழங்கொள்கை, 20-ஆம் நூற்றாண்டில் 'லாக்டிக் அமிலம்' என்ற புதுப்பெயர் பூண்டது. பிடித்துவிட்டால் அது வெளியேறும் என்று பயிற்சியாளர் பலர் நம்பினர். கனடாவில் 2010-இலும் 2012-இலும் வெளிவந்த ஆய்வுகள் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கின. எனினும், தசையின் அழற்சிக் குறிகள் தணிவதை 2012 ஆய்வு எடுத்துக்காட்டியது. 29 ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கி 2020-இல் இங்கிலாந்தில் வெளிவந்த கட்டுரை, பிடித்துவிடுவதால் வேகமோ வலிமையோ கூடவில்லை. மறுநாள் தசைவலி சிறிது குறைகிறது, உடல் சிறிது இளகுகிறது என்று முடிவு கண்டது. கை கண்ட பயனுக்கு அறிவு சொன்ன காரணம் மாறியது. பயனின் அளவும் தெளிவாயிற்று. இதனால் இப்னு ஸீனாவின் பெருமை குன்றிவிடாது. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம், பயிற்சிக்கு முன்னா பின்னா என்று அவர் எழுப்பிய வினாக்களையே இன்றைய மாணவனும் முதலில் கற்கிறான்.

அவற்றோடு நான்காவது வினா ஒன்றும் உண்டு: எப்போது தொடக்கூடாது? பந்தாட்டத்தில் தொடையில் அடிபட்டு வீங்கி வந்த பிள்ளைக்கு அன்பு மிகுதியால் எண்ணெய் தடவி அழுத்தித் தேய்க்கும் வீடுகள் பல. புதிதாய்க் கிழிந்த தசையை அழுத்தினால் உட்கசிவு பெருகும். சில வேளைகளில் அவ்விடத்தில் எலும்புபோல் கெட்டிப்படுதலும் நேரும். காய்ச்சலின்போதும், கெண்டைக்கால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கும்போதும் பிடித்துவிடுவது ஆபத்து. உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே உலையாகும். உடலமைப்பு அறியாத கை எவ்வளவு பழகியதாயினும் இவ்வேறுபாடுகளை அறியாது.

யூனானி மருத்துவக் கல்லூரிகளில் 'இலாஜ் பித் தத்பீர்' என்னும் பாடத்தில் தல்க் இன்றும் கற்பிக்கப்படுகிறது. விளையாட்டு அணிகளோடு செல்லும் இயன்முறை மருத்துவரும் அதன் உறவினரே. நம் பிள்ளைகளில் ஒருவர் இத்துறையை நாடினால், கைத்தொழில்தானே என்று முகம் சுளிக்க வேண்டாம். ஏட்டை மட்டும் படித்தவனுக்கு விரல் பேசாது. விரலை மட்டும் நம்புபவனுக்கு ஆபத்து தெரியாது. இரண்டையும் ஒருங்கே கற்றவரிடம் நம் உடலை நம்பி ஒப்படைக்கலாம்.