மலையுச்சியில் மதில், அடிவாரத்தில் ஊர்



அசிசி நகரின் படத்தை நம்மில் பலர் நாட்காட்டிகளில் பார்த்திருக்கிறோம். மலைச்சரிவில் நெருக்கமான வீடுகள், அவற்றைச் சுற்றி மதில், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோட்டை. அங்கே மக்கள் மதிலுக்குள் குடியிருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

நாமக்கல்லில் இது தலைகீழ். சமவெளியில் இருந்து இருநூறு அடிக்கு மேல் எழும் ஒரே பாறை. அதன் தலையில் கிரீடம் வைத்தாற்போல் மதில். ஊரோ கீழே, பாறையின் காலடியில். மறைக்கல்வி மாணவர்களோடு நாம் ஒருமுறை மேலே ஏறியபோது ஒரு சிறுமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “ஃபாதர், உள்ள வீடே இல்லையே, யாரைக் காப்பாத்த இவ்வளவு பெரிய செவுரு?” என்றாள். நம்மிடம் சட்டென்று பதில் இல்லை.

மதிலுக்கு முன்பே இந்த மலைக்கு வயது ஏறியிருந்தது. 8ஆம் நூற்றாண்டில் அதியர் குல மன்னன் குணசீலன் காலத்தில் பாறையைக் குடைந்து அரங்கநாதர் குகைக்கோயில் அமைத்தார்கள். மறுபுறம் நரசிம்மர் குகைக்கோயில். கோட்டை வந்தது பல நூற்றாண்டுகள் கழித்து. சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் கட்டியது என்பது ஒரு மரபு. மைசூர் அரசின் அதிகாரி ஒருவர் கட்டியது என்பது மற்றொன்று.

கட்டியவர் யாராயினும் வேலை தெரிந்தவர். மலையின் அதே வெண்ணிறக் கல்லை வெட்டி, பாறையின் விளிம்பு வளைந்த வழியே வளைத்து, இடைவெளி தெரியாமல் பொருத்தியிருக்கிறார்கள். பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று கீழிருந்து கண்டுபிடிப்பது கடினம். மேலே துப்பாக்கித் துளைகளோடு செங்கல் கைப்பிடிச்சுவர். ஏறுவதற்குத் தென்மேற்கில் பாறையிலேயே வெட்டிய படிகள். உள்ளே ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் இடம். ஒரு பெருமாள் கோயில், ஒரு தர்கா. இத்தனை சிறிய இடத்தில் காவற்படை தங்கலாம், தானியமும் வெடிமருந்தும் வைக்கலாம். ஊர்மக்களுக்கு இடம் ஏது? போர் வந்தால் கீழே இருப்பவர்கள் வெட்டவெளியில்தான்.

போர் வந்தது. 1768இல் ஆங்கிலேயத் தளபதி வுட் கோட்டையைப் பிடித்தார். அதே ஆண்டில் ஹைதர் அலி திரும்பப் பிடித்தார். ஓர் ஆண்டுக்குள் இருமுறை கைமாறியும் மதில் பெரிதாகச் சிதையாமல் நிற்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் அந்தச் சுவரில் இப்போது காதலர்கள் பெயரைக் கீறுகிறார்கள். பீரங்கியைவிட ஆணி மோசம்.

இராமச்சந்திர நாயக்கர் என்ற பெயர் நம் திருச்சபை வரலாற்றிலும் வருகிறது. 1623இல் தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டு, திருச்சி வழியாகச் சேந்தமங்கலம் வந்தார். காவி உடுத்திய அந்த இத்தாலியரை அங்கே ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அன்போடு வரவேற்றார்; தங்கிக்கொள்ள இடமும் தர முன்வந்தார். அங்கிருந்து சேலம் சென்றபோதோ நிலைமை வேறு. முதலில் வீடு கொடுப்பார் இல்லை, சத்திரத்தில்தான் படுத்தார். காய்ச்சலும் கண்டது. கோட்டைகளைப் பற்றிப் படிக்கும்போது யார் எந்த ஆண்டில் பிடித்தார்கள் என்பதே நமக்கு மிஞ்சுகிறது. யாருக்கு யார் கதவைத் திறந்தார்கள் என்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை நாமக்கல் போனால், பாறை சூடேறுமுன் காலையிலேயே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏறுங்கள். மதிலின் வடகிழக்கு ஓரத்தில் நின்றால் கொல்லிமலை நீளமாகத் தெரியும். அதன் அடியில் இருக்கிறது சேந்தமங்கலம்.